போக்குவரத்துத் திட்டமும் பொதுமக்கள் பொறுப்பும்

குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் அடுத்தபடியாகக் கிராம சபைகளில் அடிக்கடி எழும் கோரிக்கை, "எங்கள் ஊருக்குப் பஸ் விட வேண்டும்" என்பதே. அக்கோரிக்கை நியாயமானது. பஸ் வராத காரணத்தால் படிப்பைப் பாதியில் நிறுத்திய பெண் குழந்தைகள் உண்டு. நோயுற்ற பெரியவர்களை மோட்டார் சைக்கிளில் நடுவே அமர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய குடும்பங்கள் உண்டு. சந்தை கலையும் வேளையில் போய்ச் சேர்ந்து, காய்கறியைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய உழவர்களும் உண்டு. ஆயினும், கோரிக்கை நியாயமானது என்பதனாலேயே அதற்காகத் தீட்டப்படும் திட்டமும் சரியானதாகிவிடாது. இந்த உண்மையை நாம் நம் அனுபவத்தில் அறிந்தோம்.

நாம் பணியாற்றும் வட்டாரத்தில் ஓர் ஊர். நெடுஞ்சாலையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உள்ளே, ஏரிக்கரைக்கு மறுபுறத்தில் இருக்கிறது. 2019 ஆம் ஆண்டில் அவ்வூரார் பஸ் நிழற்குடை வேண்டும் என்று கேட்டனர். "நிழற்குடையைக் கட்டிவிட்டால் பஸ் தானாக வந்துவிடும்" என்றார் ஒரு பெரியவர். அனைவரும் கைதட்டி ஆமோதித்தனர். நான்கு மாதத்தில் நிழற்குடை எழுந்தது. திறப்பு விழாவும் நடந்தேறியது. வெள்ளோட்டமாக வந்த பஸ் ஏரிக்கரை வளைவில் திரும்ப இயலாமல், வந்த வழியே பின்னோக்கிச் சென்று நெடுஞ்சாலையை அடைந்தது. அதன் பின்னர் வரவில்லை. இன்று அந்நிழற்குடையில் வெயில் நாளில் நிலக்கடலை காய்கிறது. மழை நாளில் ஆடுகள் ஒதுங்குகின்றன. கட்டுவதற்கு முன் அந்த வளைவை ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வேலையின் மதிப்பீட்டில் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

இத்தகைய பிழை ஏழை ஊருக்கும் சிறிய ஊருக்கும் மட்டுமே உரியது என்று எண்ண வேண்டா. செல்வம் மிகுந்த அமெரிக்க நாட்டில், படிப்பும் வசதியும் நிறைந்த ஒரு பெருநகரத்து மக்கள் இதே பிழையைப் பன்மடங்கு பெரிதாகச் செய்தனர். பின்னர் அவர்களே அதனை நிறுத்தவும் செய்தனர். அந்த வரலாற்றில் நம் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்ளத்தக்க பாடம் இருப்பதால், அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

சியாட்டில் நகரமும் அதன் ஆசையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ளது சியாட்டில். ஒரு புறம் கடல் நீர், மறு புறம் ஏரி, நடுவே குன்றுகள் நிறைந்த குறுகிய நிலம். இவ்விடத்தில் சாலையை விரும்பியபடி அகலப்படுத்த இயலாது. ஆதலின் மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருக நெருக்கடியும் பெருகியது.

1962 ஆம் ஆண்டில் அந்நகரில் ஓர் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதற்காக நகர மையத்திலிருந்து காட்சித் திடல் வரை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு மோனோ ரயில் கட்டப்பட்டது. இரண்டு தண்டவாளங்களுக்குப் பதிலாக, தூண்களின் மேல் அமைந்த ஒற்றைக் கான்கிரீட் உத்தரத்தைக் கவ்வியபடி ரப்பர் சக்கரங்களில் ஓடும் வண்டி அது. பொருட்காட்சி முடிந்த பின்னும் அந்த ரயில் நிலைத்துவிட்டது. சாலை நெருக்கடிக்கு மேலே தடையின்றி வழுக்கிச் செல்லும் அவ்வண்டியைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு, "இதையே நகரம் முழுவதும் நீட்டினால் என்ன?" என்ற எண்ணம் தோன்றியது இயல்பே.

இதற்கிடையே அம்மக்கள் நல்ல வாய்ப்பு ஒன்றை இழந்திருந்தனர் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1968 இலும் 1970 இலும் விரைவு ரயில் அமைப்பதற்காகக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. செலவின் பெரும் பகுதியை மத்திய அரசாங்கம் ஏற்கும் நிலை இருந்தது. ஆனால் நூற்றுக்கு 60 பேர் சம்மதித்தாலன்றிக் கடன் வாங்கலாகாது என்பது சட்டம். முதல் முறை பாதிக்குச் சற்று மேல் ஆதரவு கிடைத்தது. இரண்டாம் முறை பாதியும் கிடைக்கவில்லை. அந்த மத்திய உதவி அட்லாண்டா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கும் விலை உண்டு. திட்டங்களையெல்லாம் சந்தேகித்து ஒதுக்கிவிடுவது பொறுப்புணர்ச்சி ஆகாது.

பின்னர் 1996 நவம்பரில், சியாட்டிலையும் சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்த மூன்று கவுண்டிகளின் மக்கள், ரயிலும் விரைவு பஸ்ஸும் அடங்கிய 390 கோடி டாலர் திட்டம் ஒன்றுக்கு வாக்களித்தனர். அதனை நிறைவேற்றும் பொறுப்பு 'சவுண்ட் டிரான்சிட்' என்ற பிராந்தியப் போக்குவரத்து அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் முக்கிய அங்கம் 'இலகு ரயில்'. சாதாரண இரட்டைத் தண்டவாளத்தில், மின்சாரத்தால் ஓடும், பெரிய ரயிலைவிடச் சிறிய வண்டி அது.

ஆனால் அத்திட்டத்தில் தங்கள் பகுதிக்கு ஒன்றும் இல்லை என்று நகரத்தின் மேற்குப் புறத்தார் குறைபட்டனர். ஓட்டுநர் தொழில் செய்துவந்த டிக் ஃபால்கன்பரி என்ற குடிமகன் மோனோ ரயில் கோரிக்கையைக் கையில் எடுத்தார். அந்நாட்டில் குடிமக்கள் போதிய கையொப்பம் திரட்டினால் தாங்களே ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்கு விடலாம். அவ்வாறே 1997 நவம்பரில், 'எக்ஸ்' வடிவத்தில் மோனோ ரயில் வேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்பில் வென்றது. சாமானிய மனிதர் ஒருவர் பெரிய அமைப்புகளை எதிர்த்து வென்றது மக்களாட்சியின் பெருமை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தப் பாதையில் எத்தனை பேர் போகிறார்கள், அவர்களுக்கு எது பொருத்தம், செலவு யாருடையது என்ற கேள்விகளுக்கு விடை காணும் முன்பே, வண்டி இன்னது என்பது முடிவாகிவிட்டது. நம் ஊரில் பஸ்ஸுக்கு முன் நிழற்குடை எழுந்ததைப் போன்றது இது.

கணக்கு தவறிய மூன்று இடங்கள்

2000 ஆம் ஆண்டில் திட்டமிடுவதற்கான பணத்துக்கு மக்கள் மீண்டும் ஒப்புதல் அளித்தனர். 2002 நவம்பரில் முதற்கட்டமாக 14 மைல், அதாவது ஏறத்தாழ 22½ கிலோமீட்டர் பாதை வாக்கெடுப்புக்கு வந்தது. செலவு 175 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. அதற்காக நகரவாசிகள் தத்தம் மோட்டார் வாகன மதிப்பில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 1.4 வீதம் வரி செலுத்த வேண்டும். 10,000 டாலர் மதிப்புள்ள காருக்கு ஆண்டுக்கு 140 டாலர் வரி. வெறும் 877 வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

முதற் பிழை வருமான மதிப்பீட்டில் நேர்ந்தது. வரி வசூலிக்கத் தொடங்கியதும், எதிர்பார்த்த தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நகரத்தில் உள்ள வாகனங்களின் எண்ணிக்கையையும் மதிப்பையும் அதிகமாக மதிப்பிட்டுவிட்டனர். இல்லாத மாட்டின் பாலை நம்பிக் கடன் வாங்கியவன் நிலை எதுவோ அதுவே அங்கும் ஏற்பட்டது.

இரண்டாம் பிழை, ஒரே வகை வண்டியில் சிக்கிக்கொண்டது. சாதாரண தண்டவாளத்தின் இடைவெளி 1,435 மில்லிமீட்டர் என்பது உலகெங்கும் வழங்கும் அளவு. அந்த அளவுக்கு வண்டி செய்து கொடுக்கப் பல நாடுகளில் பல தொழிற்சாலைகள் உண்டு. மோனோ ரயிலின் உத்தரம் அவ்வாறன்று. ஒரு தொழிற்சாலை செய்யும் வண்டி மற்றொரு தொழிற்சாலையின் உத்தரத்தில் ஓடாது. ஆகவே ஏலத்துக்கு வருவோர் மிகச் சிலரே. சியாட்டிலில் இறுதியில் ஒரே ஒரு கூட்டு நிறுவனம்தான் ஒப்பந்தப் புள்ளி அளித்தது. சந்தையில் ஒரே வியாபாரி நிற்கும் போது விலை யார் சொற்படி அமையும் என்பதை விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் பிழையே மிகக் கொடியது. அது கடன் கணக்கில் இருந்தது. வருமானம் குறைந்து செலவு ஏறியபோது, நிர்வாகிகள் பாதையின் நீளத்தையோ வாக்குறுதியையோ குறைக்க முன்வரவில்லை. கடனை நெடுங்காலத்துக்கு நீட்டி, முதலில் சிறு தொகையும் பிற்காலத்தில் பெருந்தொகையும் செலுத்தும் ஏற்பாட்டைச் செய்தனர். ஆண்டுத் தவணை தாங்கக்கூடியதாகவே தோன்றியது. மொத்தத்தில் எவ்வளவு என்பது எளிதில் கண்ணுக்குப் படவில்லை.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவர் 1,00,000 ரூபாயை 12 சதவீத வட்டிக்கு வாங்கி, ஆண்டுதோறும் வட்டி 12,000 ரூபாயை மட்டும் தவறாமல் செலுத்துகிறார் என்று கொள்வோம். முப்பது ஆண்டில் அவர் செலுத்தியது 3,60,000 ரூபாய். முதல் 1,00,000 ரூபாயோ ஒரு காசும் குறையாமல் அப்படியே நிற்கும். "மாதம் ஆயிரம் ரூபாய்தானே" என்று சொல்லி அவருக்குக் கடன் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மை முழுவதையும் சொல்லவில்லை.

உண்மை வெளிவந்த விதம்

2005 ஜூன் மாதத்தில் நிதித் திட்டம் வெளியிடப்பட்டது. கட்டுமானச் செலவு 210 கோடி டாலராக உயர்ந்திருந்தது. வட்டியையும் சேர்த்தால், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் மக்கள் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை 1,100 கோடி டாலர் என்பது தெரியவந்தது. இன்று பிறந்த குழந்தை நரை கண்ட பின்னும் அந்த வரியைச் செலுத்திக்கொண்டிருக்கும். பத்திரிகைகள் இதனை எடுத்துரைத்தன. மாநிலப் பொருளாளரே இத்திட்டத்தைக் கண்டித்தார். ஜூலை மாதத்தில் நிர்வாக இயக்குநரும் குழுத் தலைவரும் பதவி விலகினர். செப்டம்பரில் நகர மேயர் தம் ஆதரவை விலக்கிக்கொண்டார்.

2005 நவம்பரில், பாதையை 16 கிலோமீட்டராகக் குறைத்தாவது கட்டலாமா என்று மக்களிடம் ஐந்தாம் முறையாகக் கேட்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றனர். திட்டம் முடிவுக்கு வந்தது. வாங்கிய நிலங்கள் விற்கப்பட்டன. 2006 ஜூனுடன் வரி நின்றது. 2008 ஜனவரியில் அந்த அமைப்பே கலைக்கப்பட்டது. மக்களுக்கு நேர்ந்த இழப்பு சுமார் 12½ கோடி டாலர். பாதைக்கு ஒரு தூண் கூட நடப்படவில்லை.

இங்கே ஒரு வினா எழும். 1997, 2000, 2002, 2004, 2005 என ஐந்து முறை அம்மக்கள் வாக்களித்தனர். 2004 இல் இத்திட்டத்தை நிறுத்திவிடலாம் என்று எதிர்ப்பாளர் கொண்டுவந்த தீர்மானத்தையும் பெருவாரியாக நிராகரித்தனர். இவ்வளவு முறை மக்களைக் கேட்டும் பிழை ஏன் நேர்ந்தது?

கேட்டது மக்களையே, ஆனால் முழுக் கணக்கையும் முன்வைத்துக் கேட்கவில்லை. முதல் நான்கு முறையும் மக்கள் வாக்களித்தது வண்டியைப் பற்றி. ஐந்தாம் முறைதான் கணக்கைப் பற்றி. கணக்கைக் கண்ட சில மாதங்களில் அவர்கள் சரியான முடிவுக்கு வந்துவிட்டனர். மக்களுக்கு அறிவு இல்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தக்க மறுமொழி வேண்டியதில்லை. அவர்கள் கையில் இல்லாதிருந்தது ஒரு தாள் கணக்குதான்.

தவறியும் பிழைத்த மற்றோர் அமைப்பு

மோனோ ரயில் கெட்டது, இலகு ரயில் நல்லது என்று முடிவு கட்டிவிடலாகாது. இலகு ரயில் கட்டும் பொறுப்பேற்ற சவுண்ட் டிரான்சிட் அமைப்பும் இதே போன்ற பிழையைச் செய்தது. பத்து ஆண்டில் ஏறத்தாழ 34 கிலோமீட்டர் பாதையை முடிப்பதாக 1996 இல் வாக்களித்திருந்தனர். 2000 ஆம் ஆண்டின் இறுதியில், செலவு 100 கோடி டாலருக்கு மேல் கூடும், காலமும் மூன்று ஆண்டு நீளும் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மத்திய அரசாங்கத்தின் தணிக்கை அதிகாரி குறை கண்டார். 50 கோடி டாலர் உதவித் தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. அமைப்பையே கலைத்துவிட வேண்டும் என்ற குரலும் எழுந்தது.

அப்போது அவர்கள் செய்தது யாது? 2001 இல் தலைமை மாறியது. புதிதாகப் பொறுப்பேற்ற ஜோனி ஏர்ல் என்ற பெண்மணி செலவு உயர்வையும் காலத் தாமதத்தையும் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டு, கணக்கைத் திருத்த முற்பட்டார். முதற்கட்டப் பாதையை ஏறத்தாழ 22½ கிலோமீட்டராகக் குறைத்தனர். அதற்கு 244 கோடி டாலர் என்று புதிய மதிப்பீட்டை வெளியிட்டனர். வாக்களித்ததைவிடக் குறைவாகக் கட்டுவதா என்று வழக்குகளும் வந்தன. அவற்றுக்கும் பதில் கூறினர். தொடக்கத்திலேயே பொதுமக்களைக் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. சம்பளம் பெறாத அக்குழுவினர் வேலையையும் செலவையும் கண்காணித்துத் தம் கருத்தை எழுதி வெளியிட்டு வந்தனர்.

2003 நவம்பரில் கட்டுமானம் தொடங்கியது. 2009 ஜூலை 18 அன்று முதல் ரயில் ஓடியது. அதே ஆண்டு டிசம்பரில் விமான நிலையத்தை எட்டியது. 2016 மார்ச்சில் பல்கலைக்கழகம் வரை சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. 190 கோடி டாலர் மதிப்பிட்ட அந்த வேலை, குறித்த காலத்துக்கு முன்பே, ஏறத்தாழ 20 கோடி டாலர் மீதத்துடன் முடிந்தது. பத்து ஆண்டில் வர வேண்டிய ரயில் பல்கலைக்கழகத்தை அடைய இருபது ஆண்டு ஆயிற்று என்பதும் உண்மையே. எனினும் ரயில் ஓடுகிறது. முதலில் ஜப்பானியத் தொழிற்சாலையின் வண்டிகளை வாங்கியவர்கள், பின்னர் வேறு நிறுவனமான சீமென்ஸின் வண்டிகளையும் வாங்கி அதே தண்டவாளத்தில் ஓட்டுகின்றனர். பொது அளவைத் தேர்ந்தெடுத்ததன் பயன் இதுவே.

இரண்டு அமைப்புகளும் தவறின. ஒன்று தவற்றைக் கடனுக்குள் மறைத்தது. மற்றொன்று தவற்றை அவையின் முன் வைத்துத் திட்டத்தைச் சுருக்கியது. இதுவே வேறுபாடு.

எந்த வண்டி சிறந்தது?

மண்ணைப் பார்த்தே விதையைத் தேர்ந்தெடுக்கிறோம். அவ்வாறே மக்கள் நடமாட்டத்தைப் பார்த்தே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பாதையில் மணிக்குப் பல்லாயிரம் பேர் செல்லும் பெருநகரத்துக்கு மெட்ரோ ரயில் தகும். அதைவிடக் குறைந்த கூட்டத்துக்கு இலகு ரயிலோ, தனித் தடத்தில் ஓடும் பஸ்ஸோ போதும். பாதையை மாற்ற நேர்ந்தால் பஸ்ஸை நாளையே மாற்றலாம். தூணையும் தண்டவாளத்தையும் மாற்ற இயலாது. ஆனால் பஸ் சாலை நெருக்கடியில் சிக்கும், ரயில் சிக்காது. ஒவ்வொன்றுக்கும் நன்மையும் உண்டு, விலையும் உண்டு.

மோனோ ரயில் குறுகிய இடத்தில் எழும்பும். நிலம் குறைவாகப் போதும். ஆனால் ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு வண்டியை மாற்ற வேண்டுமானால் கனத்த உத்தரத்தையே நகர்த்த வேண்டும். நம் நாட்டில் மும்பையில் 2014 பிப்ரவரியில் மோனோ ரயில் ஓடத் தொடங்கியது; 2019 இல் ஏறத்தாழ 20 கிலோமீட்டராக நீண்டது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. உதிரிப் பாகம் கிடைப்பதும் தொல்லையாயிற்று. 2025 செப்டம்பரில் புதுப்பிக்கும் பணிக்காகச் சேவை நிறுத்தி வைக்கப்பட்டது. சென்னையிலும் 2006 இலும் 2011 இலும் மோனோ ரயில் திட்டம் பேசப்பட்டது. கட்டப்பட்டு 2015 ஜூன் 29 அன்று ஓடத் தொடங்கியது மெட்ரோ ரயிலே.

நம் ஊருக்கு வருவோம்

நம் கிராமங்களில் ரயில் கட்டப் போவதில்லை. ஆனால் பஸ் தடம், மினி பஸ், இணைப்புச் சாலை, பாலம், நிழற்குடை ஆகிய யாவும் இதே வகையைச் சேர்ந்த முடிவுகளே. பணமும் நம் பணமே.

இவ்விஷயத்தில் சட்டம் மக்களுக்கு இடமளித்திருக்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 100 ஆவது பிரிவின்படி, அரசாங்கப் போக்குவரத்துக் கழகங்களுக்கான தடத் திட்டத்தின் வரைவு அரசிதழிலும், அப்பகுதியில் வழங்கும் மொழிப் பத்திரிகை ஒன்றிலேனும் வெளியிடப்பட வேண்டும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் ஆட்சேபணை தெரிவிக்கலாம். 'எவரும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பஸ் முதலாளி மட்டுமல்லர், பஸ்ஸில் ஏறுகிறவரும் அதில் அடங்குவார்.

2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுப் புதிய மினி பஸ் திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது. அதில் நூற்றுக்கு 65 பங்கேனும் ஏற்கெனவே பஸ் ஓடாத பாதையாக இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தட அனுமதி வழங்குவது மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட வட்டாரப் போக்குவரத்து ஆணையம். ஆகவே, "பஸ் வேண்டும்" என்ற ஒரு வரித் தீர்மானத்தைக் காட்டிலும், எந்தப் பாதை, எவ்வளவு தூரம், அதில் பஸ் ஓடாத பகுதி எவ்வளவு என்று அளந்து எழுதிய தீர்மானம் பயன் மிகுந்தது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுவதற்கென்று குறிக்கப்பட்டுள்ளன. போக்குவரத்து சம்பந்தமான எந்த வேலையையும் ஆமோதிக்கும் முன், சபையில் பின்வரும் ஐந்து வினாக்களைக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

1. யார் போகிறார்கள், எந்த நேரத்தில், எங்கே? ஊகித்துச் சொல்வது போதாது. ஒரு வாரம் எண்ணிப் பார்த்தீர்களா?

2. இதே தேவையை இதைவிடச் சிறிய வண்டியாலோ குறைந்த வேலையாலோ நிறைவேற்ற இயலுமா? வேறு வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

3. கட்டும் செலவு எவ்வளவு என்பதுடன், ஆண்டுதோறும் பராமரிக்கும் செலவு எவ்வளவு? கடனானால் வட்டியுடன் மொத்தம் எவ்வளவு? அதனை இறுதி வரை கொடுப்பவர் யார்?

4. பழுதானால் திருத்துபவர் யார்? பாகம் ஒருவரிடம் மட்டும் கிடைக்குமா, பலரிடம் கிடைக்குமா?

5. மதிப்பீடு தவறினால் அதனை எந்தக் கூட்டத்தில், யார் வந்து சொல்லுவார்?

ஐந்தாவது வினாவை எழுப்பவே பலரும் தயங்குகின்றனர். அதிகாரியைக் கேள்வி கேட்பது அவமரியாதை என்று நினைக்கின்றனர். அது மரியாதைக் குறைவன்று என்பதை அதிகாரி என்ற முறையில் நாமே சொல்கிறோம். 2019 இல் அந்தக் கிராம சபையில் எவரேனும் ஒருவர் எழுந்து, "ஐயா, ஏரிக்கரை வளைவில் பஸ் திரும்புமா?" என்று கேட்டிருந்தால், நாம் சிறிது வெட்கப்பட்டிருப்போம், ஊர்ப் பணம் மிஞ்சியிருக்கும்.

சென்ற ஆண்டு அவ்வூரார் மீண்டும் கூடினர். இம்முறை நிழற்குடையைப் பற்றிப் பேச்சில்லை. மகளிர் சுய உதவிக் குழுவினரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் ஏழு நாட்கள் முறை வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலைக் கூட்டுரோட்டில் அமர்ந்து, நடந்து வருவோரையும் சைக்கிளில் வருவோரையும் நேரவாரியாக எண்ணி நோட்டுப் புத்தகத்தில் குறித்தனர். பள்ளிக்கூட வேளையில்தான் கூட்டம் மிகுதி என்று நாம் அனைவரும் எண்ணியிருந்தோம். கணக்கு வேறு விதமாக இருந்தது. விடியுமுன் பூவும் கீரையும் சுமந்து நடக்கும் பெண்களே மிகப் பலர். அவர்கள் பகல் வேளைக் கூட்டங்களுக்கு வருவதில்லையாதலால் அவர்கள் தேவை எந்தத் தீர்மானத்திலும் ஏறியதில்லை.

வளைவையும் நாடா பிடித்து அளந்தனர். பெரிய பஸ் திரும்பாது. மினி பஸ் திரும்பும். தடத்தின் வரைபடத்தையும், எண்ணிய கணக்கையும், விடியற்காலையில் முதல் நடை வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்துத் தீர்மானம் அனுப்பப்பட்டிருக்கிறது. அனுமதி கிடைத்து வண்டி ஓடும் நாள் இன்னும் வரவில்லை. வரும் போது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்பதை மாதந்தோறும் எழுதிவைக்க அக்குழுவினர் அந்த நோட்டுப் புத்தகத்தில் பக்கம் ஒதுக்கியிருக்கின்றனர். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் அத்தகைய புத்தகம் ஒன்று இருத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.